நான் உம் கொட்டி வளர்த்த படிப்பு

1

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஐந்து பிள்ளைகளைப் பெற்றேன், ஐந்தையும் ஆளாக்கினேன். போன மாதம் வரை யார் கேட்டாலும் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். இப்போது 'ஐந்தையும்' என்று வரும் இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டியிருக்கிறது.

நம் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மலர் போடுகிறார்களாம். மலாய் நாட்டுக்குக் கப்பல் ஏறிப் போனவர்கள் அங்கே எப்படிப் பிழைத்தோம், பிள்ளைகளை எப்படி முன்னுக்குக் கொண்டுவந்தோம் என்று எழுதி அனுப்ப வேண்டும் என்று என் தம்பி மகன் கடிதம் போட்டிருந்தான். "அத்தை, நீங்க போயி அம்பது வருஷம் ஆச்சு. உங்க கையாலயே எழுதுங்க. தப்பு இருந்தா நான் திருத்திக்கிறேன்" என்று அடியில் ஒரு வரி. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் எழுதப் பொழுது சாய்ந்துவிடும். ஆனாலும் எழுதத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. பேத்தி பாதியில் தூக்கிப்போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்தில் பெருமையாகத்தான் எழுதினேன். மூத்தவன் அம்பாங்கில் சொந்த வீடு கட்டியிருக்கிறான். இரண்டாவது பெண் காஜாங்கில் பள்ளிக்கூட டீச்சர். மூன்றாமவள் ஜொகூரில் இருக்கிறாள், மருமகன் தபால் இலாகாவில் பெரிய வேலை. நாலாமவன் கணேசன் பங்சாரில் ஒரு ஆபீசில் கணக்கர். கடைக்குட்டி சுகுணா என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். நாலு நாள் அந்த வரியை முடிக்கவில்லை.

சுகுணா வீட்டில்தான் நான் இருக்கிறேன், கிள்ளானில். அவள் கொழும்பு மாமரம் மாதிரி அமைதியானவள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எங்கே பார்த்தாரோ அந்த மரத்தை, எனக்குத் தெரியாது. சுகுணா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். மாப்பிள்ளை மோகன் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறார். ஒரே பெண், யாமினி. பன்னிரண்டு வயது. இந்த வருடம் அவளுக்கு ஆறாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சை.

போன மாதம் ஒரு சாயங்காலம் யாமினி கேள்வித்தாள் புத்தகத்தை வைத்துக்கொண்டு கூடத்தில் அங்கும் இங்கும் நடந்தபடி சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். மலாய்ப் பாடம். நான் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கேள்வியைப் படித்து, ஏ, பி, சி, டி என்று நாலு பதிலையும் சொல்லி, "பி" என்றாள். நான் "உம்" என்றேன். அடுத்ததைப் படித்தாள். "சி?" என்று குரல் இழுத்தது. நான் பேசாமல் இருந்தேன். "ஏ" என்றாள். "உம்" என்றேன்.

பிள்ளை நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

"பாட்டி, உங்களுக்கு மலாய் படிக்கத் தெரியுமா? ரெண்டும் கரெக்ட்லா!"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்றாவது கேள்விக்கு அவள் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

உள்ளே தையல் மெஷின் நின்றது. சுகுணா வாசற்படியில் வந்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா.

"அம்மா, வேணாம்" என்றாள்.

அவ்வளவுதான். கோபம் இல்லை, சத்தம் இல்லை. பிறகு பெண்ணைப் பார்த்து, "ரூமுக்குப் போ. கடிகாரத்த முன்னால வச்சுக்க. வாயத் தொறக்காம பண்ணு" என்றாள். திரும்பிப் போய்விட்டாள். மெஷின் மறுபடி ஓடியது.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு 'உம்'முக்கு என்னை இப்படிச் சொல்லிவிட்டாளே என்று மூத்தவனுக்குப் போன் போடக்கூட நினைத்தேன். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. பத்தொன்பது வருடமாக அவள் சொல்லாமல் வைத்திருந்த சொல் அது.

2

அப்போது நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் ரயில்வே கோத்தர்ஸில், ரயில்வேக்காரர் குடியிருப்பில் இருந்தோம். என் வீட்டுக்காரர் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். வரிசையாக வீடுகள், நடுவில் ஒரு பொதுத் தண்ணீர்த் தொட்டி. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் எட்டு வீட்டுக்குத் தெரியும். ஒரு வீட்டில் அழுதால் பதினாறு வீட்டுக்குத் தெரியும்.

சுகுணாவுக்குப் பதினோரு வயது. தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. ஒரு திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திக் கொடி ஏற்றியிருக்கிறார்கள். இவள் அப்படியே விழுந்துவிட்டாள். கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. வாயில் நுரை. பள்ளிக்கூடம் முழுக்கப் பார்த்திருக்கிறது.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சில் படுத்திருந்தாள். நான் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் திணித்தேன். நம் பக்கத்தில் இரும்பைத்தானே கொடுப்போம். வகுப்பு டீச்சர் அந்தச் சாவியை மெல்ல எடுத்து என்னிடமே தந்தார்.

"அம்மா, இது வலிப்பு. மாத்திரை சாப்பிட்டா அடங்கிடும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆனா பள்ளிக்கூடத்த மட்டும் நிறுத்திடாதீங்க. இவ கெட்டிக்காரி."

"வலிப்பெல்லாம் எங்க பரம்பரையிலேயே இல்ல டீச்சர். காலையில சாப்பிடாம வந்துட்டா, அதான்" என்றேன்.

வீட்டுக்கு வருவதற்குள் மூன்றாம் வீட்டு அஞ்சலை தொட்டியடியில் நின்றுகொண்டிருந்தாள். "என்னக்கா, சின்னவளுக்குக் காக்கா வலியாமே?" என்று எல்லாரும் கேட்கக் கேட்டாள். சின்னவளுக்கு மேலே எனக்கு இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். "ஒன் நாக்குக்குத்தான்டி வலி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

அந்தக் கதவை நாலு வருடம் நான் அவளுக்குத் திறக்கவே இல்லை.

அப்போதெல்லாம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் கேட்க ஆளில்லை. அந்த டீச்சர் இரண்டு முறை வீடு தேடி வந்தார். நெஞ்சு பலவீனம், டாக்டர் ஓய்வு சொல்லியிருக்கிறார் என்று பொய் சொன்னேன். மாத்திரைக்குக்கூடக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அங்கே தெரிந்த முகம் இருக்கும். ரயில்வே பாஸில் கிள்ளானுக்குக் கூட்டிவருவேன். மாதம் ஒரு முறை நானும் அவளும் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவோம். கிள்ளான் ஆஸ்பத்திரியில் மாத்திரை எண்ணிக் கொடுக்கும் மிஸ்ஸி, இங்கே நர்சை அப்படித்தான் சொல்வோம், சுகுணாவிடம் நன்றாகப் பேசுவாள். திரும்பும்போது ஒரு நாள் சுகுணா சொன்னாள்: "அம்மா, நானும் மிஸ்ஸி ஆவேன். இங்கேயே வேல பாப்பேன். விழுந்தவங்க யாரையும் பாத்துப் பயப்பட மாட்டேன்."

ஆகலாமே என்றேன். அதற்கு எந்தப் பரீட்சை எழுத வேண்டும் என்று கணேசன்தான் சொன்னான். மூன்றாம் படிவப் பரீட்சை, நம் ஊர் ஒன்பதாம் வகுப்பு மாதிரி. நாடு முழுவதும் ஒரே நாளில், ஒரே தாள். அதில் தேறாவிட்டால் மேலே ஒன்றும் இல்லை.

"வீட்டுலயே படிச்சு எழுதலாமாம்மா. பிரைவேட் கேண்டிடேட்னு பாரம் இருக்கு" என்றான்.

வெளியே அனுப்ப வேண்டாம், பரீட்சையும் எழுதலாம். சாமி கண் திறந்த மாதிரி இருந்தது எனக்கு.

3

கணேசன் அவளைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் படித்து முடித்த புத்தகம் அவளுக்கு வரும். அவனுக்கு நேரம் கிடைக்கும்போது சொல்லிக்கொடுப்பான். மற்ற நேரமெல்லாம் நான்தான்.

நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்? எனக்கு மலாய் எழுத்து தெரியாது, இங்கிலீஷ் தெரியாது. நான் அரிவாள்மனையில் கீரை நறுக்குவேன். அவள் எதிரே புத்தகத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாகச் சொல்வாள். நான் உம் கொட்டுவேன். கதை சொன்னால் கொட்டுவோமே, அதே மாதிரி. உம் கொட்டாவிட்டால் கதை நகராது. அவளுக்கும் பாடம் நகராது.

போகப்போக எனக்கு ஒரு வித்தை பிடிபட்டது. அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த பதில் என்றால் குரல் நேராக வரும். சந்தேகம் என்றால் கடைசி எழுத்தில் குரல் லேசாகச் சாயும். சாய்ந்தால் நான் உம் கொட்ட மாட்டேன். கீரையை மட்டும் நறுக்கிக்கொண்டிருப்பேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்து வேறு பதில் சொல்வாள். குரல் நேரானதும் உம் என்பேன். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும்.

படிக்காத நான் மூன்றாம் படிவத்துக்குப் பாடம் நடத்துகிறேன் என்று எனக்குத் தலை கனத்துவிட்டது. அஞ்சலையின் பையன் பள்ளிக்கூடம் போயும் ஒவ்வொரு வருடமும் கடைசி. ஒரு நாள் தொட்டியடியில் அவளிடம் சொன்னேன்: "பள்ளிக்கூடத்துல நாப்பது பேருக்கு ஒரு வாத்தியார். எங்க வீட்டுல ஒருத்திக்கு ஒரு வாத்தியார்."

"யாருக்கா அந்த வாத்தியாரு?"

"வேற யாரு, நான்தான்!"

அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு அது பொறாமை என்று நினைத்தேன்.

கணேசனுக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கேள்வித்தாள் ஒன்று கொண்டுவந்தான். பேனாவும் ஸ்கேலும் வைத்து ஒரு தாளில் சின்னச் சின்னக் கட்டமாகப் போட்டான். பரீட்சையில் பதிலை எழுதக் கூடாதாம். கட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டுமாம். மெஷின்தான் திருத்துமாம்.

"அம்மா, நீ கொஞ்ச நேரம் வெளிய போயேன்" என்றான்.

"எதுக்குடா?"

"அவ தனியா பண்ணட்டும். ஒவ்வொரு தடவையும் ஒன் மூஞ்சியையே பாக்கறா."

"அம்மா மூஞ்சியப் பாக்காம அடுத்த வீட்டுக்காரி மூஞ்சியவா பாப்பா? ஒனக்குப் பொறாமைடா. நீ ரெண்டு மார்க்குல தப்பிச்சவன், அவ ஒன்ன முந்திடுவான்னு பயம்."

அவன் முகம் சிறுத்துப் போயிற்று. தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். சுகுணா எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். நான் கீரைக் கட்டைப் பிரித்து உட்கார்ந்துகொண்டு, "நீ சொல்லு கண்ணு" என்றேன்.

அவள் அதுவரை கடிகாரம் வைத்து ஒரு பக்கம் எழுதியதில்லை. மேசையில் உட்கார்ந்ததில்லை. பசித்தால் எழுந்து சாப்பிடுவாள், தலை வலித்தால் என் மடியில் படுத்துக்கொள்வாள். அந்த மிஸ்ஸியைத் தவிர அன்னிய மனிதர் ஒருவர் முன்னால் வாய் திறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. இதெல்லாம் ஒரு குறையாக எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையைப் பூப்போல வைத்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

4

பரீட்சைக்கான விண்ணப்பப் பாரம் வந்தது. கணேசன் மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் படித்து நிரப்பினான். பெயர், ஐசி என்கிற அடையாள அட்டை எண், பிறந்த இடம். நடுவில் நிறுத்தினான்.

"உடம்புக்கு ஏதாவது இருக்கான்னு கேக்குதும்மா."

"இல்லன்னு போடு."

"உள்ளதப் போட்டா தனி ரூம்ல உக்கார வப்பாங்கன்னு எங்க செகு சொன்னாரு. பக்கத்துலயே ஒரு டீச்சர் இருப்பாங்க. விழுந்தாலும் பாத்துக்குவாங்க."

செகு என்றால் வாத்தியார். மலாய்ச் சொல்.

"அரசாங்கத் தாள்ல அந்த வார்த்த ஏறிச்சுன்னா சாகற வரைக்கும் இறங்காதுடா. இல்லன்னு போடு."

சுகுணா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். "போட்டாதான் என்னம்மா?" என்றாள் மெல்ல.

"நீ சும்மா இரு. ஒனக்கு நாளைக்கு ஒரு வீடு வாசல் வேணாமா?"

கணேசன் 'இல்லை' என்று போட்டான். அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். நான் ரேகை வைக்கிறவள் இல்லை. என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, அழகாகப் போட்டேன்.

பரீட்சை ஒரு பெரிய பள்ளிக்கூட மண்டபத்தில். நான் பிளாஸ்கில் மைலோவும் ஒரு டப்பாவில் இட்லியும் எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். மண்டப வாசலுக்குள் என்னை விட மாட்டோம் என்றார்கள். மண்டபத்துக்கு எதிரே ஒரு மரத்தடியில் கல் பெஞ்ச் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் திறந்திருந்த கதவு வழியாக அவள் முதுகும் பாதிக் கன்னமும் தெரிந்தன. நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும். எல்லாரும் ஒரே மாதிரி குனிந்தார்கள், ஒரே மாதிரி தாளைத் திருப்பினார்கள். மழைக்கு முந்தி இலைகள் சலசலக்குமே, அப்படி ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

எனக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். விழுந்துவிடக் கூடாது. இடுப்பில் சாவிக்கொத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். விழவில்லை. ஆனால் அவள் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தாள். பார்த்த ஒவ்வொரு தடவையும் நான் கையை ஆட்டினேன். எழுது, எழுது என்று.

கொஞ்ச நேரத்தில் காவலுக்கு நின்ற மலாய்க்கார டீச்சர் ஒருவர் வெளியே வந்தார். சின்ன வயதுப் பெண். என் பக்கத்தில் வந்து குனிந்து, "மக்சிக்" என்று, பெரியம்மா என்கிற மாதிரி, மரியாதையாகக் கூப்பிட்டாள். உங்கள் மகள் ரொம்ப நேரமாக எழுதவில்லை, வாசலையே பார்க்கிறாள், உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அவள் கேட்டது எனக்கு நன்றாகவே விளங்கிற்று. பாசார் என்கிற சந்தையில் முப்பது வருடம் மலாய் பேசியவள் நான்.

அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளைக்குச் சத்தமாகப் படித்துத்தான் பழக்கம் அம்மா, ஒரு ஓரமாக உட்கார வைக்க முடியுமா என்று கெஞ்சியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தால் முடியாது என்று சொல்லியிருக்க மாட்டாள்.

நான் சொன்னது இதுதான்: "டியா சுடா ஹாபிஸ்." முடித்துவிட்டாள் என்று. "என் மகள் கெட்டிக்காரி. எல்லாருக்கும் முந்தி முடித்துவிடுவாள்."

அந்தப் பெண் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

5

முடிவு வந்தபோது சுகுணா தேறவில்லை. எல்லாப் பாடத்திலும் கடைசித் தரம்.

நான் நம்பவே இல்லை. தாள் மாறிவிட்டது என்றேன். மெஷின் கெட்டுப்போய்விட்டது என்றேன். தமிழ்ப் பிள்ளை என்று வேண்டுமென்றே போட்டார்கள் என்றுகூடச் சொன்னேன். கணேசனையும் சுகுணாவையும் இழுத்துக்கொண்டு கல்வி இலாகாவுக்குப் போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன், எங்களை யாரும் இளப்பமாக நினைத்துவிடக் கூடாது என்று.

மூன்று கவுண்டர் மாற்றி மாற்றி அனுப்பினார்கள். மூன்றாவதில் ஒரு தமிழ்ப் பையன், டை கட்டியிருந்தான்.

"தம்பி, இந்தத் தாளத் திரும்பப் பாக்கச் சொல்லு. எம்பொண்ணு வீட்டுல பத்துக்கு ஒம்பது போடறவ."

"வீட்டுலயா ஆன்ட்டி? யாரு மார்க் போட்டது?"

"நான்தான்."

பக்கத்தில் நின்ற யாரோ சிரித்தார்கள். அந்தப் பையன் சிரிக்கவில்லை. "ஆன்ட்டி, தாளு தொலைஞ்சா ரிசல்ட்டே வராது. வந்திருக்கு. கட்டத்தக் கறுப்பாக்காம விட்டா மெஷினுக்கு ஒண்ணும் தெரியாதுலா. அதுக்கு நல்லாப் படிச்ச புள்ளையும் ஒண்ணுதான், படிக்காத புள்ளையும் ஒண்ணுதான்."

"எம்பொண்ணு விட மாட்டா."

அவன் எனக்குப் பின்னால் நின்ற சுகுணாவைப் பார்த்தான். நானும் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது மினி பஸ்ஸில் எங்கள் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. கணேசன் முன்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். நான் அந்தப் பையனைத் திட்டிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் சுகுணா சொன்னாள்:

"அம்மா, நான்தான் காலியா விட்டேன்."

"ஏன்டி?"

"முதக் கேள்வி படிச்சேன். பதில் தெரியும். ஆனா சரியா தப்பான்னு தெரியல. ரெண்டாவதும் அப்படித்தான். ஒவ்வொண்ணா மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். சொல்லிட்டு..." என்று நிறுத்தினாள். "சொல்லிட்டு நீ உம் கொட்டுவேன்னு இருந்தேம்மா. தெரியும், நீ உள்ள இல்லன்னு. ஆனா கை போகல. பதினாலு கட்டம்தான் போட்டேன். அதுலயும் ஆறு கட்டத்த அழிச்சிட்டேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அவள் கையையாவது பிடித்திருக்கலாம்.

"அசடு" என்றேன். "இத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதே. பரீட்சை அன்னைக்குக் காய்ச்சல்னு சொல்லிடலாம்."

அஞ்சலையிடம் அப்படித்தான் சொன்னேன்.

6

பரீட்சையில் தவறுவது பெரிய குற்றமில்லை. யார் வீட்டில் தவறவில்லை? கணேசனே ஒரு தடவை தவறி எழுதினான். என் குற்றம் அதற்குப் பிறகு வருகிறது.

பிரிக்பீல்ட்சில் ஒரு கடைக்கு மேலே, மாடியில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பிற்பகலில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். சுகுணாவைப் போலத் தனியாக எழுதும் பிள்ளைகள் இருபது பேர். எல்லாரும் மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, பேசாமல் எழுதிப் பழகுவார்களாம். இதை அவளே விசாரித்து வைத்திருந்தாள். ஒரு நாள் நான் சோறு வடிக்கும்போது வந்து நின்றாள்.

"அம்மா, நான் அங்க போறேம்மா. ஒரு வருஷம். அடுத்த தடவ நிச்சயமா எழுதுவேன்."

"மாடிப்படியில விழுந்தியானா?"

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறேன். எட்டு மாசமா வரல."

"வந்துதுன்னா? இருவது பசங்க முன்னால?"

"வந்தா விழுவேன். அப்புறம் எழுந்திருப்பேன். அவ்வளவுதானேம்மா?"

பதினாறு வயதுப் பெண் இதைச் சொன்னாள். நான் கஞ்சியை வடித்து முடித்துவிட்டு, "வீட்டுலயே படி. நான் இருக்கேன்ல" என்றேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டிருந்தால் விட்டிருப்பேனோ என்று பல நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். விட்டிருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும்.

புத்தகங்களை எல்லாம் அவளே அரிசிச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டாள். பரீட்சைக்கென்று கணேசன் வாங்கிக் கொடுத்த கறுப்புப் பென்சிலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். தையல் கற்றுக்கொண்டபோது காகிதத்தில் வெட்டு வரைய அதைத்தான் எடுத்தாள். அது விரல் அளவு தேயும் வரை வைத்திருந்தாள். மிஸ்ஸி என்ற பேச்சு எங்கள் வீட்டில் பிறகு எழவில்லை.

இருபத்தொரு வயதில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் வாய் திறக்கக் கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். சுகுணா காப்பித் தட்டோடு வந்தாள். மோகனிடம் கொடுத்தாள். நிமிர்ந்து நேராகப் பார்த்து, "எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடறேன். வந்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள்.

நான் மோகனைத்தான் பார்த்தேன். அவர் காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"எனக்கு ஒரு காது சரியாக் கேக்காதுங்க. வலது பக்கம் வந்து திட்டினீங்கன்னா பிரச்சினை இல்ல" என்றார்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. கல்யாணம் நடந்தது. மேலே இருந்த இரண்டு பெண்களுக்கும் அதற்கு முன்பே நல்லபடியாக முடிந்திருந்தது. எந்த வார்த்தைக்காக ஒரு பிள்ளையை நாலு வருடம் பூட்டி வைத்தேனோ, அந்த வார்த்தையை அவள் ஒரு காப்பி ஆறும் முன்னால் சொல்லி முடித்துவிட்டாள். அன்றைக்கு அவள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. யாரும் உம் கொட்டக் காத்திருக்கவில்லை.

யாமினிக்கு ஏழு வயதிலேயே தெரியும், அம்மா விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், கையில் ஒன்றும் திணிக்கக் கூடாது, நேரத்தைப் பார்க்க வேண்டும் என்று. யார் பயமுறுத்தியும் கற்றுக்கொடுக்கவில்லை. தண்ணீர் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது போலச் சுகுணா சொல்லிக்கொடுத்தாள்.

7

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குப் பெருமை தரும்படி எழுதத்தான் கேட்டார்கள். பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்கவைத்தால் பரீட்சை வராது என்று நான் சொல்லவில்லை. இங்கே ஒரு டாக்டர் வீட்டில் அப்படிப் படித்த பிள்ளை முதல் தரத்தில் தேறியது. அவர்கள் பிள்ளையைத் தனியாக உட்காரவிட்டார்கள், கடிகாரம் வைத்தார்கள், தப்புப் பண்ணவிட்டார்கள். என் பெண்ணுக்கு மூளை குறைவில்லை, பாடம் குறைவில்லை. தப்பாகிவிடுமோ என்று நான் ஒரு தடவைகூட அவளைத் தனியாக விட்டதில்லை. அரசாங்கம் நாடு முழுக்க ஒரே தாளைத்தான் கொடுத்தது. அந்தத் தாளுக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வீட்டைச் சுமந்துகொண்டு போய் உட்காருகிறது. என் பிள்ளை என்னைச் சுமந்துகொண்டு போனாள். நான் கனம்.

சுகுணாவிடம் இதை நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல தடவை மெஷின் பக்கத்தில் போய் நின்றேன். "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்பாள். ஆமாம் என்பேன். குடித்துவிட்டு வந்துவிடுவேன். இப்படியே ஒரு மாதமாக நிறையத் தண்ணீர் குடித்துவிட்டேன்.

யாமினி இப்போது கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். கடிகாரம் மட்டும் உள்ளே. நேற்று வெளியே வந்து, "பாட்டி, நாப்பதுல முப்பத்தி நாலு. ஆறு தப்பு" என்றாள். எனக்கு 'உம்' உதடு வரைக்கும் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். "ஆறுதானே, போயி எதுன்னு பாரு" என்றேன். ஓடிவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது நல்லது என்று எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது.

இதைத் தபாலில் போடும் முன்னால் ஒரு தடவை காதால் கேட்க வேண்டும். என் கையெழுத்தை என்னாலேயே கடகடவென்று படிக்க முடியாது. வீட்டில் இப்போது மூன்று பேர்தான். மாப்பிள்ளை துறைமுகத்துக்குப் போயிருக்கிறார். சுகுணா உள்ளே தைத்துக்கொண்டிருக்கிறாள். யாமினி குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருக்கிறாள்.

யாமினி, இங்க வா கண்ணு. இந்த நோட்ட எடு. முதல் பக்கத்துலேர்ந்து படி. மனசுக்குள்ள இல்ல, சத்தமா. அம்மா மெஷின் சத்தத்துக்கு மேல கேக்கணும். பாட்டி உம் கொட்ட மாட்டேன், என் மூஞ்சியப் பாக்காத. நடுவுல மெஷின் நின்னுச்சுன்னா, நீ நிறுத்தாத. படிச்சுக்கிட்டே போ.